இன்னோர் இளம் குவார்ட்டர்பேக் வேண்டுமா?

நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ரசிகர்களுக்கு,

குவார்ட்டர்பேக்கைத் தேடும் வேலை ஜெட்ஸ் அணியில் அரை நூற்றாண்டாக ஓயவில்லை. 1965-இல் அணிக்கு வந்த ஜோ நேமத், 1969 ஜனவரியில் பால்டிமோர் கோல்ட்ஸை 16-7 என்று வீழ்த்தி, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்று கொடுத்தார். ஜெட்ஸ் வென்றதும் அந்த ஒரு சூப்பர் பவுல்தான், ஆடியதும் அந்த ஒன்றுதான். 2010 சீசனுக்குப் பிறகு பிளே-ஆஃப் சுற்றைக்கூட அணி எட்டவில்லை. அந்த ஆண்டில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

2025 நவம்பரில் அணி தன் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்கள் இருவரை வேறு அணிகளுக்குக் கைமாற்றியது. சாஸ் கார்ட்னர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கும், குவின்னன் வில்லியம்ஸ் டாலஸ் கவ்பாய்ஸுக்கும் போனார்கள். பதிலுக்கு வந்தவற்றையும் சேர்த்து, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் வீரர் தேர்வுகளில் 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுக்கும் அப்போது ஜெட்ஸுக்குச் சேர்ந்த முதல் சுற்று உரிமைகள் ஐந்து. இவ்வளவு சரக்கு கைக்கு வந்ததும் எழுந்த முதல் கேள்வி, இன்னோர் இளம் குவார்ட்டர்பேக்கை எடுக்க வேண்டுமா என்பது. இத்தனை முறை சூடுபட்ட ரசிகர்களில் பலருக்கு இந்தக் கேள்வியே கசக்கிறது. அந்தக் கசப்புக்கு நியாயம் உண்டு. ஆனாலும் விடை, எடுக்க வேண்டும் என்பதுதான். எடுத்தவரை எப்படி வளர்ப்பது என்பதை, எடுப்பதற்கு முன்பே அணி முடிவு செய்திருக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கின் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். பந்து கைக்கு வந்தவுடன் அவர் இரண்டு மூன்று அடி பின்வாங்குகிறார். எதிரணியின் நான்கைந்து பேர், ஒவ்வொருவரும் நூறு கிலோவுக்கு மேல், அவரை நோக்கிப் பாய்கிறார்கள். அவர்களை மறித்து நிற்பது அவருக்கு முன்னால் இருக்கும் ஐவர் கொண்ட முன்வரிசை. அந்த ஐவர் தாக்குப்பிடிக்கும் மூன்று நொடிக்குள், பந்தைப் பிடிக்க ஓடும் ஆட்களில் யார் தனியாக இருக்கிறார், எதிரணியின் கடைசி வரிசை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையெல்லாம் பார்த்து முடித்து அவர் பந்தை எறிந்தாக வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் அகலமாகத் தெரிந்த இடைவெளிகள் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் கண் இமைப்பதற்குள் மூடிக்கொள்கின்றன. ஆகவே தோள் வலிமை எவ்வளவு இருந்தாலும், பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் பழக்கம் வரும்வரை இளம் வீரர் தடுமாறுவது இயல்பு. அந்தப் பழக்கம் ஒரே பயிற்சியாளர், ஒரே ஆட்ட முறை, ஒரே சொற்கள் என்று திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது.

தடுமாறுவார்கள் என்று தெரிந்தும் அணிகள் இளைஞர்களையே நாடுவதற்குப் பணமும் ஒரு காரணம். ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குத் தரக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு விதித்திருக்கிறது. 2025-இல் அது 27.92 கோடி டாலர். 2011-இல் ஏற்பட்ட தொழில் ஒப்பந்தத்துக்கு முன்பு புதிதாக வருபவரும் பெருந்தொகை கேட்க முடிந்தது. 2010-இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 5 கோடி டாலர். புதிய ஒப்பந்தம் அதற்குக் கடிவாளம் போட்டது. இப்போது முதல் சுற்றில் வருபவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணியிடம் இருக்கும். 2024-இன் முதல் தேர்வான கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்தே ஏறத்தாழ 4 கோடி டாலர். அதே ஆண்டில் டாலஸின் டாக் பிரெஸ்காட் ஆண்டுக்கு 6 கோடி டாலர் என்று கையெழுத்திட்டார். இளைஞர் தேறிவிட்டால் மிச்சமாகும் பணத்தில் முன்வரிசையையும் தடுப்பையும் கட்டிவிடலாம். அதனால்தான் ஒரு முறை தோற்ற அணியும் மறுபடி அதே கதவைத் தட்டுகிறது.

ஜெட்ஸ் தட்டிய கதவுகள் வரிசையாக நினைவுக்கு வரும். 2009-இல் மார்க் சான்செஸ், ஐந்தாவது தேர்வு. 2013-இல் ஜீனோ ஸ்மித், இரண்டாம் சுற்று. 2016-இல் கிறிஸ்டியன் ஹாக்கன்பெர்க், அதுவும் இரண்டாம் சுற்று. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. 2018-இல் சாம் டார்னல்ட், மூன்றாவது தேர்வு. 2021-இல் ஸாக் வில்சன், இரண்டாவது தேர்வு. பன்னிரண்டு ஆண்டுகளில், முதல் இரண்டு சுற்றுகளில் மட்டும் ஐந்து இளைஞர்கள். அவர்களில் அணியைப் பிளே-ஆஃபுக்கு அழைத்துச் சென்றவர் சான்செஸ் ஒருவர்தான்.

சான்செஸ் கதையை உற்றுப் பார்க்க வேண்டும். 2009-இல் அவர் எறிந்த டச்டவுன்கள் 12, எதிரணியிடம் பறிகொடுத்த பந்துகள் 20. எண்களை மட்டும் பார்த்தால் அது தோல்வி அடைந்த சீசன். ஆனால் அவருக்கு முன்னால் நின்ற முன்வரிசையில் டிபிரிக்கஷா ஃபெர்குசனும் நிக் மங்கோல்டும் இருந்தார்கள். இருவரையும் 2006-இன் முதல் சுற்றிலேயே அணி எடுத்து வளர்த்திருந்தது. பந்தைச் சுமந்து ஓடுவதில் அந்த ஆண்டு லீக்கிலேயே ஜெட்ஸ் முதலிடம், தடுப்பாட்டத்திலும் முதலிடம். விளைவு, தடுமாறிக்கொண்டிருந்த ஓர் இளைஞருடன் அணி அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வரை சென்றது. அந்தக் கட்டமைப்பு தேய்ந்தபோது சான்செஸும் தேய்ந்தார்.

அடுத்து வந்தவர்களுக்கு அந்தக் கட்டமைப்பே இல்லை. 2018-இல் டார்னல்டைப் பெறுவதற்காக ஜெட்ஸ் ஆறாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏறியது. அதற்குக் கொடுத்த விலை, ஆறாவது தேர்வுடன் மூன்று இரண்டாம் சுற்று உரிமைகள். வாங்கிக்கொண்ட கோல்ட்ஸ் ஆறாவது தேர்வில் குவென்டன் நெல்சனை எடுத்தது. ஜெட்ஸ் தந்த 37-ஆவது தேர்வில் பிரேடன் ஸ்மித்தை எடுத்தது. இருவரும் முன்வரிசை வீரர்கள். நெல்சன் தம் முதல் மூன்று சீசன்களிலும் லீக்கின் மிகச் சிறந்த முன்வரிசை வீரர்களில் ஒருவராகத் தேர்வானார். குவார்ட்டர்பேக்கை வாங்க ஜெட்ஸ் கொடுத்த காசில் இன்னோர் அணி தன் குவார்ட்டர்பேக்குக்கு மதில் கட்டிக்கொண்டது.

மதில் இல்லாத இடத்தில் 21 வயதில் களமிறக்கப்பட்டார் டார்னல்ட். 2019 அக்டோபர் 21, திங்கள் இரவு, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுடன் ஆட்டம். பேட்ரியாட்ஸ் ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையிலிருந்து ஆட்களை ஏவியது. டார்னல்ட் எறிந்த 32 பந்துகளில் 11 மட்டுமே தம் ஆட்களிடம் சேர்ந்தன. நான்கு பந்துகளை எதிரணி பறித்தது. ஆட்டம் 33-0. ஓரத்தில் இருக்கையில் அமர்ந்தபோது, தம் கண்ணுக்குப் பேய்கள் தெரிவதாக அவர் சொன்னது உடையில் பொருத்தியிருந்த ஒலிவாங்கி வழியாக நாடு முழுவதும் கேட்டது. இல்லாத ஆள் பாய்வதுபோலத் தோன்றுவதைத்தான் ஆட்டக்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அடிபட்டு அடிபட்டுக் கண்ணின் நம்பிக்கை போய்விட்ட நிலை அது. பலரும் அன்று சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகளில் இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களிடம் ஆடி, 13 வெற்றி, 25 தோல்வி என்ற கணக்கோடு அவர் கரோலினாவுக்கு அனுப்பப்பட்டார். வில்சனின் கணக்கு 12 வெற்றி, 21 தோல்வி. மூன்றே ஆண்டுகளில் அவரும் டென்வருக்குப் போனார்.

அனுப்பப்பட்ட பிறகு நடந்ததுதான் பாடம். ஜீனோ ஸ்மித் பல ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்து, 2022-இல் சியாட்டிலில் முதல் ஆட்டக்காரரானார். எறிந்த பந்துகளில் 69.8 விழுக்காட்டைச் சேர்ப்பித்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். மீண்டெழுந்த வீரருக்கான விருதும் அவருக்கே. டார்னல்ட் 2024-இல் மின்னசோட்டாவில் 35 டச்டவுன்கள் எறிந்தார். அணி 17 ஆட்டங்களில் 14-ஐ வென்றது. ஆளைக் கண்டுபிடிப்பதில் ஜெட்ஸ் முழுக்கத் தவறிவிடவில்லை என்பதற்கு இந்த இருவரும் சாட்சி. கண்டுபிடித்த ஆளை வைத்துக் காப்பாற்றுவதில்தான் அணி தவறியது. நல்ல நாற்றைத் தண்ணீர் பாயாத வயலில் நட்டுவிட்டு, நாற்றைக் குறை சொல்லி அடுத்த நாற்றுக்குப் போன கதை இது.

இளைஞர் வேண்டாம், தேர்ந்த மூத்தவரை வாங்கலாம் என்ற வாதமும் உண்டு. அதையும் ஜெட்ஸ் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டது. இரண்டு முறையும் வாங்கிய இடம் கிரீன் பே. 2008-இல் 38 வயது பிரெட் ஃபார்வ் வந்தார். அணி 8-3 என்று பறந்து, கடைசி ஐந்து ஆட்டங்களில் நான்கைத் தோற்று, பிளே-ஆஃபுக்கு வெளியே நின்றது. 2023-இல் 39 வயது ஏரன் ராட்ஜர்ஸ் வந்தார். செப்டம்பர் 11 இரவு, பஃபலோவுக்கு எதிரான முதல் ஆட்டம், அவருடைய நான்காவது ஆட்ட நகர்வு. எதிரணி வீரர் அவரை வளைத்துக் கீழே சாய்க்கிறார். எழுந்து நிற்கிறார், ஓர் அடி வைத்துப் பார்க்கிறார், மறுபடி தரையில் உட்கார்ந்துவிடுகிறார். குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் ஜெட்ஸ் வென்றும் அரங்கில் மகிழ்ச்சி முழுமையாக இல்லை. அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்து ஆடியும் அணியின் கணக்கு 5-12. அதற்குப் பின் 2025-இல் இரண்டு ஆண்டுக்கு 4 கோடி டாலர் என்று வந்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸும் இன்னோர் அணி வளர்த்து முடிக்காமல் விட்ட இளைஞர்தான்.

மறுபக்கம் கிரீன் பே என்ன செய்தது என்பதைப் பார்த்தால் விடை தெளியும். ஃபார்வ் முதல் ஆட்டக்காரராக உறுதியாக இருந்தபோதே, 2005-இல் 24-ஆவது தேர்வில் ராட்ஜர்ஸை அது எடுத்தது. மூன்று ஆண்டுகள் உட்கார வைத்தது. ஃபார்வ் நியூயார்க்குக்குப் போன 2008-இல் ராட்ஜர்ஸ் களமிறங்கினார்; 2010 சீசனில் சூப்பர் பவுலை வென்றார். ராட்ஜர்ஸ் உச்சத்தில் இருந்தபோதே, 2020-இல் 26-ஆவது தேர்வில் ஜோர்டன் லவ். மறுபடி மூன்று ஆண்டு காத்திருப்பு. ராட்ஜர்ஸ் நியூயார்க்குக்குப் போன 2023-இல் லவ் களமிறங்கி, பிளே-ஆஃபில் டாலஸை 48-32 என்று அதன் அரங்கிலேயே வீழ்த்தினார். இரண்டு முறையும் கிரீன் பே தன் இளைஞரை வைத்துக்கொண்டு மூத்தவரை ஜெட்ஸுக்கு விற்றது.

அந்தப் பழக்கத்தின் வேரிலும் ஜெட்ஸின் பெயர் இருக்கிறது. 1991-இல் ஜெட்ஸின் வீரர் தேர்வுப் பிரிவில் இருந்த ரான் வுல்ஃப், கல்லூரி வீரரான ஃபார்வை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று விரும்பினார். முந்தைய ஆண்டின் துணைத் தேர்வில் செலவழித்துவிட்டதால் அணிக்கு முதல் சுற்று உரிமை இல்லை. அதன் முறை 34-ஆவதாக வந்தது. 33-ஆவது தேர்வில் அட்லாண்டா ஃபார்வை எடுத்துக்கொண்டது. ஜெட்ஸுக்குக் கிடைத்தவர் பிரௌனிங் நேகல். வுல்ஃப் கிரீன் பேயின் பொதுமேலாளராகச் சென்று, 1992-இல் ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுத்து அதே ஃபார்வை அட்லாண்டாவிடமிருந்து வாங்கினார். அதோடு நிற்கவில்லை. 1995 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஃபார்வ் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றுக்கொண்டிருந்த காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும், வுல்ஃப் கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஓர் இளம் குவார்ட்டர்பேக்கைப் பின் சுற்றுகளில் எடுத்துக்கொண்டே இருந்தார். மார்க் புரூனல், மேட் ஹாசல்பெக், ஏரன் புரூக்ஸ் எல்லாம் அப்படி வந்தவர்கள். மூவரும் வேறு அணிகளுக்கு விற்கப்பட்டு அங்கே முதல் ஆட்டக்காரர்களானார்கள். ஹாசல்பெக் சியாட்டிலைச் சூப்பர் பவுலுக்கே அழைத்துச் சென்றார். குவார்ட்டர்பேக் தேவைப்படாத நேரத்தில்தான் அவரை மலிவாக வாங்கி நிதானமாக வளர்க்க முடியும் என்பது வுல்ஃப் காட்டிய வழி.

பின் சுற்றுகளை அலட்சியம் செய்வதற்கில்லை என்பதை ஜெட்ஸ் தன் எதிரணியிடமே பார்த்தது. 2001 மார்ச்சில் பேட்ரியாட்ஸ் டிரூ பிளெட்சோவுக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுத்திருந்தது. ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டே 199-ஆவது தேர்வில் ஓர் இளைஞரை எடுத்து வைத்திருந்தது. 2001 செப்டம்பர் 23 அன்று ஜெட்ஸின் மோ லூயிஸ் மோதிய மோதலில் பிளெட்சோ காயமடைந்தார். உள்ளே வந்தவர் டாம் பிரேடி. அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள், இரு அணிகளும் ஆடும் லீக் பிரிவு பெரும்பாலும் அவர் கையில் இருந்தது. 2022-இல் 262-ஆவது ஆளாக, வரிசையின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோ எடுத்த பிராக் பர்டி அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அதற்கு முந்தைய ஆண்டு மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து அதே அணி எடுத்த டிரே லான்ஸ், 2023-இல் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு டாலஸுக்கு விற்கப்பட்டார்.

முதல் சுற்று என்பதாலேயே உத்தரவாதம் வந்துவிடாது. 2021-இன் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். 2024 சீசன் தொடங்கும்போது அவர்களில் எடுத்த அணியிலேயே இருந்தவர் டிரெவர் லாரன்ஸ் ஒருவர்தான். 2018-இன் முதல் சுற்று ஐவரில் எடுத்த அணியிலேயே தேர்ந்து நிலைத்தவர்கள் பஃபலோவின் ஜாஷ் ஆலனும் பால்டிமோரின் லமார் ஜாக்சனும். ஆலன் முதல் ஆண்டிலேயே களமிறக்கப்பட்டவர். அந்த ஆண்டு அவர் எறிந்ததில் 52.8 விழுக்காடுதான் சேர்ந்தது. பஃபலோ பதறவில்லை. தலைமைப் பயிற்சியாளரையும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரையும் மாற்றவில்லை. 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தேர்ந்த பந்துபிடிப்பாளரைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆலனின் கணக்கு 69.2 விழுக்காடு. எனவே உட்கார வைப்பது மட்டுமே மந்திரம் இல்லை. இளைஞரைச் சுற்றி எதையும் ஆட்டி அசைக்காமல் வைத்திருப்பதே அடிப்படை. 2009 முதல் 2025 வரை, இடைக்காலப் பொறுப்பாளரை விட்டுவிட்டால், ஜெட்ஸுக்கு ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள். அதே காலத்தில் கிரீன் பேக்கு இருவர்.

இவற்றிலிருந்து ஜெட்ஸுக்கான நிபந்தனைகள் தாமாகவே கிடைக்கின்றன. முதலாவது, ஒரே ஆளுக்காக உரிமைகள் எல்லாவற்றையும் அடகு வைக்கக் கூடாது. முறை வரும்போது நல்லவர் இருந்தால் எடுக்கலாம். மேலே ஏறுவதற்கு 2018-இல் கொடுத்த விலையைக் கொடுக்கலாகாது. கான்சஸ் சிட்டி 2017-இல் இரண்டு முதல் சுற்று உரிமைகளைச் செலவழித்துப் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்ததை எதிர்வாதமாகச் சொல்வார்கள். அந்த அணி அதற்கு முந்தைய சீசனில் 12 ஆட்டங்களை வென்றிருந்தது, அலெக்ஸ் ஸ்மித் என்ற மூத்தவர் இருந்தார், ஆண்டி ரீட் ஐந்தாவது ஆண்டாகப் பயிற்சியாளராக இருந்தார். மஹோம்ஸ் முதல் ஆண்டில் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். விலை பெரிது என்றாலும் வீடு தயாராக இருந்தது.

இரண்டாவது, முன்வரிசையைத் தொடக்கூடாது. 2024-இல் ஓலு ஃபஷானு, 2025-இல் அர்மாண்ட் மெம்பு என்று இரண்டு பக்கத்துக்கும் முதல் சுற்றிலேயே ஆட்களை அணி எடுத்திருக்கிறது. 2006-க்குப் பிறகு முன்வரிசைக்கு அணி போட்ட மிக நல்ல அடித்தளம் இதுதான். பந்து பிடிக்க காரெட் வில்சன் இருக்கிறார். இந்தக் கட்டுமானம் முற்றும்வரை இளைஞர் வெளியே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். அதுவரை ஆட, நிதானமான மூத்தவர் ஒருவர் போதும். அவர் அணியின் மீட்பராக வர வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது, எடுத்த இளைஞருக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஒரே பயிற்சிக் குழு. பயிற்சியாளர் மீது நம்பிக்கை இல்லையென்றால் அவரை முதலில் மாற்றிவிட்டு, பிறகு குவார்ட்டர்பேக்கை எடுப்பதே முறை. ஒருவர் தேர்ந்தெடுத்த பிள்ளையை இன்னொருவர் வளர்க்கும் ஏற்பாடு ஜெட்ஸில் டார்னல்டுக்குப் பலிக்கவில்லை.

நான்காவது, ஒருவரோடு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது பின் சுற்றுகளில் இன்னொருவரை எடுத்து வைக்க வேண்டும். எடுத்தவர் தேறவில்லை என்று உண்மையாகவே தெரிந்தால் அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. 2018-இல் பத்தாவது தேர்வில் ஜாஷ் ரோசனை எடுத்த அரிசோனா, மறு ஆண்டே முதல் தேர்வில் கைலர் மர்ரியை எடுத்தது. மர்ரி அந்த ஆண்டின் சிறந்த புதிய தாக்குதல் ஆட்டக்காரரானார். ஆனால் அப்படி ஒப்புக்கொள்ளும் முன், தேறாதது ஆளா இடமா என்று அணி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜீனோ ஸ்மித், டார்னல்ட் இருவர் விஷயத்திலும் கேட்கப்படாத கேள்வி அதுதான்.

ரசிகர்களின் பங்கும் இதில் சிறியதில்லை. வீரர் தேர்வு மேடையில் பெயர் வாசிக்கப்பட்டதும் ஜெட்ஸ் ரசிகர்கள் எழுப்பும் கூச்சல் அமெரிக்கா முழுவதும் பிரசித்தம். 1983-இல் டான் மரீனோ இன்னும் மிச்சமிருக்க, 24-ஆவது தேர்வில் கென் ஓபிரையன் பெயர் வந்தபோது எழுந்த கூச்சலை இன்றும் ஒளிபரப்புகிறார்கள். மூன்று தேர்வுகள் கழித்து மரீனோ மயாமிக்குப் போனார். அந்தக் கோபத்தில் அணி மீதுள்ள அன்பு இருந்தது. அதே அன்பு இனி வேறொரு திசையில் பேச வேண்டும். இளைஞரை முதல் வாரமே களமிறக்கச் சொல்லிக் கூச்சல் எழும்போது பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும். மூன்று தோல்விக்குப் பிறகு பயிற்சியாளரை விரட்டச் சொல்லும் குரலில் சேராமல் இருக்க வேண்டும். முன்வரிசை வீரர் ஒருவரின் பெயர் முதல் சுற்றில் வாசிக்கப்படும் இரவில் எழுந்து கைதட்ட வேண்டும்.

1969-க்குப் பிறகு பிறந்து, தலை நரைத்து, ஒரு சூப்பர் பவுலையும் பார்க்காமல் இந்த அணிக்காகக் குளிரில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அணி பட்டிருக்கும் கடன், மேடையில் வாசிக்கப்படும் இன்னொரு பெயரோடு தீர்ந்துவிடாது. அந்தப் பெயருக்குரிய இளைஞர் நான்காம் ஆண்டிலும் அதே பச்சைச் சட்டையில், அதே பயிற்சியாளரின் கீழ், நன்கு காக்கப்பட்டு நின்று பந்தை எறிந்தால் அது தீரத் தொடங்கும்.